ஏழே நாளில் ஏழு கிலோ!

"ஏழே நாளில் ஏழு கிலோ குறையுங்கள்!" என்று ஒரு தாள் உண்டு. இரண்டாயிரங்களில் அது மின்னஞ்சலில் ஃபார்வர்டாகச் சுற்றியது. ஆபீஸ்களில் பிரிண்ட் எடுத்துக் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்தார்கள். இப்போது அதே தாள் வாட்ஸ்அப்பில் வருகிறது, எழுத்துப் பிழைகள்கூட மாறாமல். பெயர் ஜி.எம். டயட்.

முதல் நாள் பழம் மட்டும் (வாழைப்பழம் கூடாது). இரண்டாம் நாள் காய்கறி மட்டும். மூன்றாம் நாள் இரண்டும். நான்காம் நாள்தான் க்ளைமாக்ஸ்: எட்டு வாழைப்பழம், மூன்று டம்ளர் பால், அவ்வளவுதான். ஐந்தாம் நாள் மாட்டிறைச்சியும் ஆறு தக்காளியும். நம்மூர் சைவக்காரர்களுக்காக யாரோ ஒரு புண்ணியவான் மாட்டிறைச்சியை அடித்துவிட்டு பனீர் என்று எழுதி வைத்திருக்கிறார். கார் செய்யும் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி தன் ஊழியர்களுக்காக 1985-ல் தயாரித்த திட்டம் என்று தாளின் தலையிலேயே போட்டிருக்கும். இதற்கு ஆதாரம் ஒன்றும் கிடையாது. ஆனால் யார் கேட்கப் போகிறார்கள்? கம்பெனி பெயர் பெரியதாக இருந்தால் போதும்.

வேடிக்கை என்னவென்றால், இது வேலை செய்கிறது! தலைவலி, எரிச்சல், வீட்டில் எல்லோரிடமும் சிடுசிடுப்பு எல்லாவற்றையும் தாண்டி ஏழாம் நாள் எடை மெஷினில் ஏறி நின்றால் இரண்டு மூன்று கிலோ குறைந்துதான் இருக்கும். உடனே நான்கு பேருக்குச் சொல்லியாகிவிடும். அந்த நான்கு பேரும் அடுத்த திங்கட்கிழமை ஆரம்பிப்பார்கள். மூன்றாவது வாரம் போன எடை திரும்பி வந்திருக்கும். அதை மட்டும் யாரும் யாரிடமும் சொல்வதில்லை. கேட்டால், "டயட் நல்ல டயட்தாங்க, எனக்குத்தான் வாயைக் கட்ட முடியலை" என்பார்கள்.

விஷயமே இங்கேதான் இருக்கிறது. எடை குறைந்தால் பெயர் டயட்டுக்கு. ஏறினால் பழி சாப்பிட்டவருக்கு. லாபம் வந்தால் கம்பெனிக்கு, நஷ்டம் வந்தால் வாடிக்கையாளருக்கு என்று எழுதிக்கொள்ளும் கணக்குப் புத்தகத்தை எந்த ஆடிட்டரும் ஒப்புக்கொள்ள மாட்டார். டயட் விஷயத்தில் மட்டும் எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள்.

முதலில் அந்த ஏழு கிலோவைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பெரிய கணிதமெல்லாம் வேண்டாம். உடம்பில் ஒரு கிலோ கொழுப்பு கரைய ஏறக்குறைய 7,700 கலோரி செலவாக வேண்டும். ஒருவர் ஒரு நாளைக்கு 2,000 கலோரி செலவழிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் ஏழு நாளும் ஒரு பருக்கைகூடச் சாப்பிடாமல் பச்சைத் தண்ணீர் மட்டும் குடித்துக்கொண்டு கிடந்தாலும் மொத்தச் செலவு 14,000 கலோரி. அதாவது இரண்டு கிலோ கொழுப்புக்கும் குறைவு. பழமும் காயும் எட்டு வாழைப்பழமும் சாப்பிட்டுக்கொண்டே ஏழு கிலோ எப்படிக் கரையும்?

அப்படியானால் மெஷின் காட்டிய அந்த மூன்று கிலோ என்ன? பெரும்பாலும் தண்ணீர். சோறு, இட்லி, சப்பாத்தி என்று சாப்பிடும் மாவுச்சத்தில் ஒரு பகுதியை உடம்பு கல்லீரலிலும் தசையிலும் கிளைகோஜன் என்ற பெயரில் சேமித்து வைக்கிறது. ஏறக்குறைய 400, 500 கிராம் இருக்கும். ஒவ்வொரு கிராமும் கிட்டத்தட்ட மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். மாவுச்சத்தை நிறுத்தினால் இந்தச் சேமிப்பு இரண்டு மூன்று நாளில் காலி. கூடவே தண்ணீரும் வெளியேறுகிறது. உப்புக் குறைந்ததால் இன்னும் கொஞ்சம் தண்ணீர், வயிறு காலியானதால் இன்னும் கொஞ்சம் எடை. எட்டாம் நாள் ஒரு தட்டு பிரியாணி சாப்பிட்டதும் கிளைகோஜன் திரும்புகிறது, தண்ணீரும் திரும்புகிறது. இதில் வாயைக் கட்டாதவர் செய்த குற்றம் என்ன இருக்கிறது?

ஜி.எம். டயட் ஏமாற்று வேலை, ஆனால் பெரிய டாக்டர்கள் எழுதிய டயட்டுகள் அப்படியில்லை என்று சிலர் சொல்லக்கூடும். நியாயமான கேள்விதான். கதை பழையது. லண்டனில் வில்லியம் பான்டிங் என்று ஒருவர் இருந்தார். சவ அடக்கத்துக்கு ஏற்பாடு செய்வது தொழில். ஐந்தடி ஐந்தங்குல உயரத்துக்கு 202 பவுண்ட் எடை. காது கேட்கவில்லை என்று டாக்டரிடம் போனவரை ரொட்டி, சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லிவிட்டார் டாக்டர். எடை இறங்கியது. மகிழ்ச்சி தாங்காமல் 1863-ல் ஒரு சிறு புத்தகம் எழுதி அச்சடித்து இலவசமாகவே கொடுத்தார். புத்தகம் அப்படிப் பரவி, ஆங்கிலத்தில் 'பான்டிங்' என்றாலே டயட் இருப்பது என்று அர்த்தமாகிவிட்டது. (இன்றைய டயட் குருக்களோடு ஒப்பிட்டால் மனுஷன் தங்கம். காசு வாங்கவில்லை.)

நூறு வருஷம் கழித்து அதே சரக்கு புது பாட்டிலில் வந்தது. 1972-ல் அமெரிக்க டாக்டர் ராபர்ட் அட்கின்ஸ் புத்தகம் போட்டார். மாவுச்சத்தைக் குறை, முட்டையும் இறைச்சியும் வெண்ணெயும் சாப்பிடு என்பதுதான் சாரம். கோடிக்கணக்கான பேர் பின்பற்றினார்கள். 2003-ல் ஒரு ஆராய்ச்சி வந்தது. அட்கின்ஸ் டயட்டையும் வழக்கமான கொழுப்புக் குறைந்த டயட்டையும் 63 பேரிடம் சோதித்தார்கள். ஆறு மாதத்தில் அட்கின்ஸ் முன்னே நின்றது. ஒரு வருஷத்தில் வித்தியாசம் காணாமல் போயிருந்தது. 2005-ல் அட்கின்ஸ் பெயரில் நடந்த கம்பெனி திவால் மனுவே கொடுத்தது.

அதே 2005-ல் பாஸ்டனில் இன்னும் சுவாரசியமான சோதனை ஒன்றின் முடிவு வந்தது. அட்கின்ஸ், ஜோன், ஆர்னிஷ், வெயிட் வாட்சர்ஸ் என்று அப்போது புகழின் உச்சியில் இருந்த நான்கு டயட்டுகள். ஒவ்வொன்றிலும் 40 பேர், மொத்தம் 160 பேர். ஒன்று வெண்ணெயைச் சாப்பிடு என்கிறது, இன்னொன்று எண்ணெய் வாசமே கூடாது என்கிறது. வருஷக் கடைசியில் என்ன ஆயிற்று? நான்கிலும் சராசரியாகக் குறைந்தது இரண்டிலிருந்து மூன்று கிலோ சொச்சம். அவ்வளவே. பத்தில் நான்கு பேர் ஆய்வை முடிக்காமலே நின்றுவிட்டார்கள். எந்த டயட் என்பது முடிவைத் தீர்மானிக்கவில்லை. எவ்வளவு கடைப்பிடித்தார்கள் என்பதுதான் தீர்மானித்தது.

ஒன்று போதாது என்பவர்களுக்கு இன்னொன்று: 2018-ல் ஸ்டான்ஃபோர்டில் 609 பேர். பாதிப்பேர் கொழுப்பைக் குறைத்தார்கள், பாதிப்பேர் மாவுச்சத்தைக் குறைத்தார்கள். வருஷ முடிவில் 5.3 கிலோ, 6 கிலோ. பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் ஒவ்வொரு குழுவுக்குள்ளும் பார்த்தால் தலை சுற்றும். ஒரே டயட்டில் ஒருவருக்கு 25 கிலோவுக்கு மேல் குறைந்திருக்கிறது, இன்னொருவருக்கு எடை ஏறியிருக்கிறது. "என் ஃப்ரெண்டுக்கு இருபது கிலோ குறைஞ்சுதே!" என்ற சாட்சியம் எங்கிருந்து வருகிறது என்று இப்போது புரியும். அந்த ஃப்ரெண்ட் பொய் சொல்லவில்லை. எடை ஏறிய ஃப்ரெண்ட் போட்டோ போடவில்லை, அதுதான் விஷயம். மியூச்சுவல் ஃபண்ட் விளம்பரத்தில்கூடக் கடைசியில் சந்தை அபாயம் பற்றி மூச்சுவிடாமல் ஒரு வரி படித்து முடிக்கிறார்கள். 'முன்', 'பின்' போட்டோ போடுகிறவர்களுக்கு அந்த ஒரு வரிகூட இல்லை.

இப்போதைய ஃபேஷனான விரதத்துக்கும் இதே கதிதான். எட்டு மணி நேரத்துக்குள் சாப்பிட்டு முடித்து, பதினாறு மணி நேரம் வயிற்றைக் காயப்போடுவது. சீனாவின் குவாங்சூவில் 139 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வு 2022-ல் வந்தது. இரண்டு குழுவுக்கும் ஒரே அளவு கலோரிக் குறைப்பு. ஒரு குழு மட்டும் காலை எட்டிலிருந்து மாலை நாலுக்குள் சாப்பிட வேண்டும். ஒரு வருஷத்தில் அவர்களுக்கு 8 கிலோ, நேரக் கட்டுப்பாடு இல்லாதவர்களுக்கு 6.3 கிலோ. புள்ளியியல்படி இந்த வித்தியாசம் கணக்கில் வராது. ராத்திரி பத்து மணிக்குப் பரோட்டா சாப்பிடும் பழக்கம் உள்ளவருக்கு இந்த முறை ஒரு வேலியாக உதவலாம், மறுப்பதற்கில்லை. கடிகாரத்துக்கென்று தனி மந்திர சக்தி மட்டும் இல்லை.

தமிழ்நாட்டில் கடந்த பத்து வருஷத்தில் ஜி.எம். டயட்டைவிட ஆழமாக வேர் பிடித்தது பேலியோ. ஃபேஸ்புக் குழுக்கள் வழியாக வீடு வீடாகப் போனது. அரிசி கிடையாது, கோதுமை கிடையாது, சர்க்கரை கிடையாது. காலையில் நூறு பாதாம் அல்லது பட்டர் டீ. மதியம் முட்டை, இறைச்சி, பனீர், காய்கறி. இதைக் கேலி செய்து ஒதுக்குவது சரியில்லை. மூன்று வேளையும் வெள்ளை அரிசியையே வெவ்வேறு வடிவத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் அதை நிறுத்தினால் ரத்தச் சர்க்கரை இறங்குவது இயற்கை. பலருக்கு இறங்கியது. தங்கள் தட்டில் என்ன இருக்கிறது என்று முதல்முறையாகத் தமிழில் படித்துத் தெரிந்துகொண்டவர்களும் ஏராளம். அந்தப் புண்ணியம் அதற்குச் சேரட்டும்.

ஆனால் குடும்பக் கணக்கைப் பார்க்க வேண்டாமா? நூறு பாதாம் என்பது 120 கிராம் அளவுக்கு வரும். கிலோ 800 ரூபாய் என்று குறைவாகவே வைத்தாலும் ஒரு காலைக்கு 96 ரூபாய், மாதம் 2,880 ரூபாய். ஒருவருடைய காலை உணவுக்கு மட்டும். அதே ஊரில் ரேஷன் கடையில் 2011-லிருந்து அரிசி இலவசம். அதோடு ஒரே அடுப்பில் மாமியாருக்குக் குழைந்த சாதம், பிள்ளைக்கு தோசை, கணவனுக்கு சப்பாத்தி செய்துவிட்டு, தனக்கு மட்டும் காலிஃப்ளவரைத் துருவி 'சாதம்' பண்ணிக்கொள்ளும் பெண் எத்தனை மாதம் தாக்குப்பிடிப்பாள்? ஆண்கள் டயட் இருந்தால் அவர்களுக்குத் தனியாகச் சமைத்துப் போட ஆள் இருக்கிறது. பெண்கள் இருந்தால் அது கூடுதல் சமையல். எந்த டயட் புத்தகத்திலும் இந்தப் பக்கம் அச்சாகவில்லை. பொங்கல், தீபாவளி, கல்யாணப் பந்தி எல்லாவற்றிலும் "எனக்கு வேண்டாம்" என்று சொல்லிச் சொல்லி ஒரு நாள் சொல்லாமல் விட்டால், அன்றைக்கே "டயட் போச்சு" என்று முழுசாக விட்டுவிடுகிறார்கள்.

இன்னொன்று விளையாட்டில்லை. சர்க்கரைக்கு இன்சுலினோ சில வகை மாத்திரைகளோ எடுத்துக்கொள்பவர்கள் டாக்டரிடம் கேட்காமல் திடீரென்று மாவுச்சத்தை நிறுத்தினால் ரத்தச் சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழ வாய்ப்பிருக்கிறது. குழுவில் "மாத்திரையைத் தூக்கிப் போட்டேன், நல்லா இருக்கேன்" என்று எழுதுபவருக்கு நூறு லைக் விழும். மயங்கி விழுந்தவர் வந்து எழுதுவதில்லை.

சரி, கடைப்பிடிப்பதுதான் எல்லாம் என்றால் கடைப்பிடிக்காதது சாப்பிட்டவரின் குற்றம்தானே? அப்படித்தான் தோன்றும். உடம்பு அப்படி நினைப்பதில்லை. அதற்கு எடை குறைவது என்றால் பஞ்சம். இரண்டாம் உலகப் போரின் கடைசியில், 1944-45-ல், மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்பவர் 36 ஆரோக்கியமான இளைஞர்களை 24 வாரம் அரைப் பட்டினி போட்டுப் பார்த்தார். எடையில் கிட்டத்தட்ட கால் பங்கு போயிற்று. அதைவிட மனசு போயிற்று. எந்நேரமும் சாப்பாட்டு நினைப்பு. சமையல் குறிப்புகளைத் தேடித் தேடிப் படித்தார்கள், சேர்த்து வைத்தார்கள். அவர்களுக்குத் தரப்பட்டது நாளைக்குச் சுமார் 1,570 கலோரி. உயரமான, தினமும் நடக்கவைக்கப்பட்ட ஆண்கள் என்பதால் நேராக ஒப்பிட முடியாதுதான். இருந்தாலும் இன்று கல்லூரிப் பெண்கள் மொபைலில் வைத்திருக்கும் டயட் ஆப்பில் 1,200 என்ற எண்ணைப் பார்க்கும்போது அந்த 1,570 ஞாபகம் வராமல் போகாது.

ஆஸ்திரேலியாவில் 2011-ல் வெளிவந்த ஓர் ஆய்வு இன்னும் தெளிவானது. 50 பேர், பத்து வாரம் கடும் டயட், சராசரி 13 கிலோவுக்கு மேல் குறைந்தது. ஒரு வருஷம் கழித்து ரத்தத்தைச் சோதித்தால் பசியைத் தூண்டும் ஹார்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. அமெரிக்க டி.வி.யில் 'பிக்கெஸ்ட் லூசர்' என்ற எடைக் குறைப்புப் போட்டியில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு வருஷம் கழித்துப் பரிசோதித்து 2016-ல் எழுதினார்கள். அவர்கள் குறைத்தது சராசரி 58 கிலோ, அதில் 41 கிலோ திரும்பிவிட்டது. அதைவிட அதிர்ச்சி, அவர்கள் உடம்பு சும்மா இருக்கும்போது செலவழிக்கும் சக்தி, அந்த எடைக்கு எதிர்பார்ப்பதைவிட நாளைக்கு 500 கலோரி குறைவாக இருந்தது. ஏழெட்டு இட்லி! பக்கத்து வீட்டுக்காரர் சாப்பிடுவதில் ஏழெட்டு இட்லியைக் குறைத்துக்கொண்டால்தான் அவரைப்போல் இருக்க முடியும், அதுவும் அவரைவிட அதிகப் பசியோடு. இவரைப் பார்த்து "மன உறுதி இல்லை" என்று சொல்வது என்ன நியாயம்?

வியாபாரிகளுக்கு இது நன்றாகவே தெரியும். ஒரு மிக்ஸி மூன்று மாதத்தில் ரிப்பேரானால் வாடிக்கையாளர் கடைக்குப் போய்ச் சண்டை போடுவார். டயட் மூன்று மாதத்தில் ரிப்பேரானால் அவர் வெட்கப்பட்டு வீட்டிலேயே இருப்பார். பிறகு ஜனவரி ஒன்றாம் தேதி அதே கடைக்கு வந்து புதிதாகப் பணம் கட்டுவார். தன் தோல்வியால் வாடிக்கையாளரை இழக்காத, சொல்லப்போனால் அந்தத் தோல்வியாலேயே மறுபடி விற்பனையாகும் பொருள் உலகத்தில் வேறென்ன இருக்கிறது? டப்பா டப்பாவாக ஷேக் பவுடர் விற்பவர்கள் இன்னும் ஒரு படி மேல். வாங்குகிறவரையே விற்பவராக்கி, அத்தையிடமும் சித்தியிடமும் அனுப்பிவிடுகிறார்கள். எடை குறையாவிட்டாலும் சொந்தம் குறையும்.

ஊசி வந்ததும் இந்தச் சந்தையே ஆட்டம் கண்டது. 1963-ல் ஆரம்பித்த வெயிட் வாட்சர்ஸ் 2025 மே மாதம் திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது. இந்தியாவுக்கு மவுஞ்சாரோ அதே ஆண்டு மார்ச்சில் வந்தது. இந்த மருந்துகள் நிஜமாகவே எடையைக் குறைக்கின்றன. செமாக்ளூடைடு சோதனையில் 68 வாரத்தில் சராசரி 15 சதவீதம். ஆனால் நிறுத்தி ஒரு வருஷத்தில் குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியது. மன உறுதியைப் பற்றிப் பிரசங்கம் செய்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். ஒரு ஊசியில் அடங்குகிற பசி, குணக் குறையாக எப்படி இருக்க முடியும்?

அதற்காக டயட்டே வீண் என்று சொல்லிவிட முடியாது. ஐந்து வாரத்தில் முகூர்த்தம், ரவிக்கை இறுக்கம் என்றால், உடம்பைக் கெடுத்துக்கொள்ளாத எந்த டயட்டும் அந்த வேலையைச் செய்துவிடும். தேதி குறித்த காரியத்துக்கு அது சரி. நீண்ட நாள் நிற்பவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்காவில் 1994-லிருந்து ஒரு பதிவேடு வைத்திருக்கிறார்கள். 13 கிலோவுக்கு மேல் குறைத்து ஒரு வருஷமாவது ஏறாமல் காத்தவர்கள் மட்டும் அதில் சேரலாம். பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்திருக்கிறார்கள். குறைத்த வழி ஆளுக்கு ஒன்று. காத்த வழியில்தான் ஒற்றுமை: பெரும்பாலோர் தினமும் ஒரு மணி நேரம் போல் உடம்பை அசைக்கிறார்கள், வாரம் ஒருமுறையாவது எடை பார்க்கிறார்கள்.

தமிழ்நாட்டில் 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி பெண்களில் 40.4 சதவீதம், ஆண்களில் 37 சதவீதம் பேருக்கு எடை அதிகம். இத்தனை பேரும் பயப்படுவது தொப்பைக்காக மட்டும் இல்லை, சர்க்கரை வந்துவிடுமே என்பதற்காகவும்தான். இதற்குச் சென்னையிலேயே ஒரு பதில் கிடைத்தது. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்து 2006-ல் வெளிவந்த ஆய்வு. சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேர். அதில் ஒரு குழுவுக்குச் சொன்னது இவ்வளவுதான்: தினம் அரை மணி நேரம் நடங்கள், சர்க்கரையையும் தீட்டிய தானியத்தையும் எண்ணெயையும் குறையுங்கள், நார்ச்சத்தைக் கூட்டுங்கள். சொல்லிவிட்டு விட்டுவிடவில்லை, போனில் கூப்பிட்டு விசாரித்துக்கொண்டே இருந்தார்கள். மூன்று வருஷத்தில் ஒன்றும் செய்யாத குழுவில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை வந்தது. இவர்களில் 39 சதவீதம் பேருக்குத்தான். இத்தனைக்கும் இவர்கள் எடை சொல்லும்படி குறையவே இல்லை.

எடை மெஷினைக் கேட்டிருந்தால் அவர்கள் எல்லோரும் ஃபெயில் என்றுதான் சொல்லியிருக்கும். அந்த மூன்று வருஷமும் அவர்கள் வீட்டில் சமைத்ததைத்தான் சாப்பிட்டார்கள்.